காலதர் இல்லாத அறைகள்

கடந்த ஆடி மாதம் ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் ஒரு நூல் வெளியீட்டு விழா. பெண்ணுடலின் துயரங்களைப் பேசும் சிறுகதைத் தொகுப்பு. பேசியவர் ஐவர், அவர்களில் நால்வர் ஆண்கள். உடல்மொழி, உடலரசியல், உடலின் மௌனம் என்று மூன்றே கால் மணி நேரம் உடல் பேசப்பட்டது. இறுதியில் எழுந்த நூலாசிரியை தம் ஏற்புரையை நான்கு நிமிடங்களில் முடித்துக்கொண்டார். 'என்ன அடக்கம்!' என்று வியந்தார் பக்கத்து இருக்கைப் பேராசிரியர். திரும்பும்போது ஆட்டோவில் உடன் வந்த எனக்குத்தான் அந்த அடக்கத்தின் காரணம் தெரியும். மண்டபத்தின் பெண்கள் கழிவறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கதவைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு, "வீட்டுக்கே போயிடறேன் மேடம்" என்று அவர் விழா தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார். மூன்றே கால் மணி நேரமாக அவர் அடக்கிக்கொண்டிருந்தது புகழுரைகளால் வந்த பெருமிதத்தை அல்ல.

அப்போது வெளியே ஆடிக்காற்று தென்னைகளை வளைத்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்து வரும் மேல்காற்று, ஆனியிலும் ஆடியிலும் திருச்சியின் தெருப்புழுதியை எல்லாம் நம் கண்ணுக்குள் கொட்டுவது வழக்கம். அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த காற்று அது. ஊரெல்லாம் வீசும் அந்தக் காற்றில் ஒரு கைப்பிடியளவுகூட மாடிப்படியின் அடியிலிருந்த அந்த அறைக்குள் நுழைய வழியில்லை. அதற்குச் சன்னல் இல்லை. சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர்கூட இல்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் கழிவறையைப் பற்றியா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முன்கூட்டியே ஒரு விளக்கம். நான் எழுதவந்தது அழுக்கைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி. நாம் வேலை பார்க்கும் இடங்களிலும் கூடிப் பேசும் இடங்களிலும் கழிவறைக்கும் குளியலறைக்கும் காற்று மறுக்கப்படுவது கவனக்குறைவால் அல்ல. இன்னாருக்கு இவ்வளவு போதும் என்று கட்டடம் எழுப்புகிறவர்கள் எடுக்கும் முடிவால். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் முதுகலை மாணவருக்குச் சிலப்பதிகாரம் நடத்தும்போது 'காலதர்' என்ற சொல்லில் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளின் சாளரங்களை மானின் கண்ணோடு சேர்த்துக் காண்கிறார் இளங்கோ. சன்னல் என்பது வேடிக்கை பார்ப்பதற்கு முன்னால் காற்று நடந்துவரும் பாதை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்னொரு சொல்லும் உண்டு: நாற்றம். பழந்தமிழில் பூவின் மணத்தைச் சொல்லவும் பயன்பட்ட சொல், இன்று துர்நாற்றத்துக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. முதற்சொல்லை மறந்தோம்; இரண்டாம் சொல்லைக் கெடுத்தோம். நம் அலுவலகக் கழிவறைகளைப் பார்க்கும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகளாகவே எனக்குத் தோன்றுகின்றன. காலதர் போன இடத்தில் நாற்றம் வந்து குடியேறியிருக்கிறது.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். நகரின் பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"மூணாவது தடவையா நீர்க்கடுப்பும்மா. தண்ணி நிறையக் குடின்னு டாக்டர் சொல்றாங்க. குடிச்சாப் போகணுமே. கடையில பாத்ரூம் குடோனுக்குப் பின்னால இருக்கு. உள்ள ஒரு பல்பு, அவ்வளவுதான். மூச்ச அடக்கிக்கிட்டுப் போயிட்டு வந்துருவோம். சுடிதார்ல அந்த நாத்தம் ஒட்டிக்கும்மா. கஸ்டமர் பக்கத்துல நிக்கக் கூச்சமா இருக்கும். அதனால காலையில ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர்."

சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் ஓர் இளம்பெண் நாளொன்றுக்கு இரண்டு குவளைத் தண்ணீரில் வாழ்கிறாள். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் சிறுநீரகக் கல்லும் அவளைப் போன்றவர்களுக்கு விதி எழுதிய நோய்களல்ல. அந்தச் சுவரை எழுப்பியவர் எழுதிய நோய்கள். அவள் சொன்னதில் என்னை உறங்கவிடாத சொல் 'கூச்சம்'. காற்றுக்கு வழி வைக்காதவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. நாள் முழுவதும் குளிரூட்டிய தளத்தில் பட்டுப்புடவையை விரித்துக்காட்டும் அவளுக்குத்தான் இருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. சுதந்திரத்திற்கு அடுத்த ஆண்டு, 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு கழிப்பிடங்களில் போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் இருக்க வேண்டும் என்றது. தலைமை ஆய்வாளரின் எழுத்துமூலமான விலக்கு இருந்தாலன்றி, வேலை செய்யும் கூடத்திலிருந்து கழிப்பிடத்துக்கு நேரே வழி திறக்கக் கூடாது, இடையில் ஒரு திறந்தவெளியோ காற்றோட்டமுள்ள நடையோ இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பும் காற்றோட்டத்தையும் கழிப்பிடத்தையும் குளிப்பிடத்தையும் பேசுகிறது. திருநர் ஊழியரையும் மறக்கவில்லை. எழுத்தில் குறையில்லை. எழுத்துக்கும் செங்கல்லுக்கும் இடையில்தான் காற்று நின்றுவிடுகிறது.

துணிக்கடைப் பெண்கள் உட்கார்வதற்கே நாம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இங்கே வந்தது 1947இல். ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் வந்தது 2021இல். ஒரு நாற்காலிக்கு எழுபத்து நான்கு ஆண்டுகள்! அதற்கும் நமக்கு முன்னால் போனது கேரளம். அங்கே 2018இல் அத்திருத்தம் வந்தது. அதன் பின்னால் இருந்தது கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள் நடத்திய போராட்டம். தையல் தொழிலாளியான பி. விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, சிறுநீர் கழிக்க ஓர் இடத்தை. கேட்டதற்கு, தண்ணீர் குடிக்காமல் இருங்கள் என்பதே பதிலாக வந்தது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவிக்கு அந்தப் பதிலை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். நம் பக்கத்தில் 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' துணிக்கடை ஊழியரின் விடுதியையும் நெரிசலையும் காட்டியது. பார்த்துக் கலங்கினோம், கைதட்டினோம், அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரிக் கடையில் துணி எடுத்தோம்.

காற்றுக்குப் பதிலாக நம் நிறுவனங்கள் எதைக் கொடுக்கின்றன? மணத்தை. எங்கள் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் ஆசிரியைகள் கழிவறையில் மல்லிகை மணக்கும். கம்பியில் வாசனைக் கட்டிகள் தொங்கும். தொட்டியில் பாச்சை உருண்டைகள் கிடக்கும். குழு போன மறுநாள் பழைய நிலை. அந்த அறை ஒரு காலத்தில் பொருள்வைப்பு அறையாக இருந்தது. தடுப்புச் சுவர் எழுப்பி மூன்றாக்கினார்கள். இருந்த ஒரே சன்னல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் முதல்வர் அறையின் தனிக் குளியலறைக்குச் சொந்தமாயிற்று. காற்றுக்கும் பதவி உயர்வு உண்டு போலும்.

வாசனைக் கட்டி நாற்றத்தை நீக்குவதில்லை. அதன் மேல் இன்னொன்றைப் பூசுகிறது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் ஆவி சிலருக்கு, குறிப்பாக ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. இதைவிடக் கொடிது, சுத்தம் செய்யும் அம்மாவின் கையில் நாம் கொடுக்கும் இரண்டு பொருள்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே படைவீரர்கள்மீது திறந்துவிடப்பட்ட அதே வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சன்னலில்லாத அறையில் குனிந்து தேய்ப்பவரின் முகமும் தரையோடுதான் இருக்கிறது. எங்கள் கல்லூரியின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கண்ணெரிந்து இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்ததை ஒருமுறை நேரில் கண்டேன். "பழகிப்போச்சும்மா" என்றார். அதன் பிறகும் அந்த அறையில் நாற்றம் வந்தபோது விளக்கம் கேட்டுக் கடிதம் போனது அவருக்குத்தான். கட்டடப் பொறியாளருக்கு அல்ல. நாற்றத்தை ஒரு மனிதரின்மேல் ஏற்றிவிட்டால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. எந்தச் சாதியின்மேல் அதை ஏற்றுவது என்பதும் நம் சமூகத்துக்கு மனப்பாடம்.

குளியலறையின் கதையும் இதுவே. செவிலியர், காவலாளிகள், விடுதியில் தங்கும் கடை ஊழியர்கள் வேலையிடத்திலேயே குளிக்கிறவர்கள். இருபது பேர் வரிசையாகக் குளித்து, ஈரம் வெளியேற வழியில்லாத அறையில் சுவர் கறுக்கும். அந்தக் கறுப்பு பூஞ்சை. ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவையும் மூச்சுக்குழல் நோய்களையும் கூட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஒரு தனி வழிகாட்டியே வெளியிட்டது. அடைத்த குளியலறைக்குள் எரிவாயு கீசரை மாட்டினால் நிலைமை உயிரோடு விளையாட்டு. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டம் என்பது மூக்கின் சொகுசு என்று நினைப்பவர்கள் இந்த வாயுவை நினைத்துக்கொள்ளட்டும். மூக்கு அறியாமலே அது ஆளைக் கொல்லும்.

'எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டோமே' என்பார்கள். ஃபேன் வெளியே தள்ளும் அளவு காற்று உள்ளே வர வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை. கதவின் அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி இல்லையென்றால் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? தரைவடிகாலின் குழாயிலிருந்து வரும். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் பரவியதை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான். குளியலறைத் தரைவடிகால்களின் வளைகுழாயில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் பல வீடுகளில் வற்றியிருந்தது. கதவை மூடி ஃபேனைப் போட்டதும் சாக்கடைக் குழாயின் காற்றே வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. நம் அலுவலகங்களில் அந்த ஃபேன்களில் பாதி ஓடுவதில்லை என்பது வேறு கதை. ஓடுபவையும் சில இடங்களில் நடைபாதையை நோக்கித் திருப்பிவைக்கப்பட்டிருக்கின்றன. காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, போகும் இடம் திறந்தவெளி. இம்மூன்றும் சேர்ந்ததே காற்றோட்டம். ஈரக்காற்று உலர்காற்றைவிட எடை குறைந்தது. வெப்பமும் சேர்ந்தால் தானாக மேலேறும். சுவரின் உச்சியில் ஓர் அடிக்கு ஓரடி வழிவிட்டால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது வெளியேறும்.

சன்னல் வைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது அடுத்த வாதம். கைப்பேசிக் கேமராக்களின் காலத்தில் இந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் இந்த அக்கறை எவ்வளவு வசதியானது என்று பாருங்கள்! தலைக்கு மேலே ஏழடி உயரத்தில், சாய்ந்த பலகைகளோடு, யாரும் நடமாடாத திசையில் ஒரு வென்டிலேட்டர் வைத்தால் காற்று புகும், கண் புகாது. அந்தச் சிறு வேலையைச் செய்யாமல் சுவரை முழுக்க அடைத்துவிட்டு, உங்கள் மானத்துக்காகத்தான் அடைத்தோம் என்கிறார்கள். பெண்ணின் மானத்தைக் காக்க அவளுடைய மூச்சை நிறுத்துவது நமக்குப் புதிதா என்ன?

மூன்றாவது வாதம் நம் பண்பாட்டுக் காவலர்களுடையது: பழைய வீடுகளில் காற்றோட்டம் இருந்தது, நவீனம் வந்து கெடுத்தது. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளில் நானும் வளைய வந்தவள்தான். பக்கச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்டு நீளும் அவ்வீடுகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்த முற்றம்தான் நுரையீரல். திண்ணையில் நுழையும் காற்று கூடத்தைக் கடந்து கொல்லைவரை போகும். உண்மை. ஆனால் அந்தக் கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் பின்சந்து வழியாக வந்துபோனவர் யார்? கூடத்துக் காற்று அவரை எட்டவில்லை. அவர் முன்வாசலை எட்டவில்லை. உலர்கழிப்பிடங்களையும் மலமள்ளும் வேலையையும் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும், போதாமல் 2013இல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன. கழிப்பறை வீட்டுக்குள் வந்தபோது முற்றத்துக்குத் தகரமோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடினோம். அதன் மூலையிலேயே பாத்ரூமைக் கட்டினோம். கழிவறை என்பது கண்ணிலிருந்து மறைக்கவேண்டிய இடம் என்ற பழைய எண்ணம் மட்டும் மாறவில்லை. கொல்லையில் இருந்தபோது அதைத் தூரம் மறைத்தது. இன்று சுவர் மறைக்கிறது. நம் கல்லூரியையும் கடையையும் மண்டபத்தையும் கட்டுகிறவர்கள் இந்த எண்ணத்தோடுதான் வரைபடம் போடுகிறார்கள். கூடம், மேடை, வரவேற்பறை எல்லாம் முடிந்து மிஞ்சிய இருட்டு மூலை எதுவோ அதுவே கழிவறை.

இது தெரியாத ஊரா திருச்சி? 2016ஆம் ஆண்டின் தூய்மை நகரக் கணக்கெடுப்பில் மைசூரு, சண்டிகருக்கு அடுத்து மூன்றாமிடம் பெற்ற ஊர். முசிறியில் ஸ்கோப் அமைப்பு 2006இல் சிறுநீரையும் மலத்தையும் பிரித்து உரமாக்கும் சமுதாயக் கழிப்பறையைக் கட்டியது. அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ. கிராமாலயாவின் எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ. இம்மாநகரின் சமுதாயக் கழிப்பறைகளைப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் பொறுப்பேற்று நடத்திக் காட்டின. கழிப்பறைக்காக இரண்டு பத்மஸ்ரீகள் பெற்ற மாவட்டத்தில், பட்டம் பெற்ற ஆசிரியைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். செலவு என்று சொல்லாதீர்கள். 1970களில், அன்றைய ரொடீசியாவின் பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மார்கன், குழிக்கழிப்பறைக்கு ஒரு நீண்ட குழாயை மட்டும் சேர்த்தார். குழாயின் வாய்மேல் வீசும் காற்று குழியின் நாற்றத்தை மேலே இழுத்துக்கொண்டது. வாயில் கட்டிய வலை ஈக்களைத் தடுத்தது. ஏழை நாட்டின் கிராமத்துக்குக் கட்டுபடியான காற்று, நம் விழாக்களில் போர்த்தப்படும் பொன்னாடைகளின் செலவுக்குக் கட்டுபடியாகாதா?

ஆகவே நண்பர்களே, அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஒலிபெருக்கியைச் சோதிக்கும் முன் பெண்கள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அண்ணாந்து பாருங்கள், வென்டிலேட்டர் இருக்கிறதா என்று. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்துங்கள்; புகை எந்தப் பக்கம் போகிறது, போகிறதா என்று கவனியுங்கள். போகவில்லையென்றால் அந்த மண்டபம் வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்மீது புகார் எழுதும் முன் கட்டடத்தின்மீது ஒரு புகார் எழுதுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதை, ஏன் என்பதோடு சேர்த்து, அவருக்குச் சொல்லுங்கள். துணி எடுக்கப் போகும்போது, "உங்க ஸ்டாஃப் பாத்ரூம் எங்க இருக்கு?" என்று முதலாளியிடம் ஒருமுறை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் நிற்பார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் முதல்வருக்கு மூன்று கடிதங்கள் எழுதியாயிற்று. முதலாவதற்கு வாசனைக் கட்டி வந்தது. இரண்டாவதற்கு ஃபேன் வந்தது, இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. மூன்றாவதற்கு, "தமிழ்த்துறைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. நான்காவது கடிதத்தில் காலதர் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி, ஏழடி உயரத்தில் எந்தச் சுவரில் அது வேண்டும் என்பதையும் வரைந்து அனுப்பப் போகிறேன். என்னோடு சேர்ந்து கையெழுத்திடப் பதினோரு ஆசிரியைகளும் இரண்டு துப்புரவுப் பணியாளர்களும் இசைந்திருக்கிறார்கள். ஆண் ஆசிரியர்களில் இதுவரை ஒருவர்.